கொக்கியில் காய்ந்த துண்டு

சுலைமான் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை உருவினார். சுவரின் அடிப்பக்கத்தில் இருந்த கம்பி வலைக்கு நேராக, நான்கு விரல் தள்ளி அதைப் பிடித்தார். பிறகு கையை விட்டார்.

பேப்பர் கீழே விழவில்லை. பறந்து போய் வலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

"பாத்தீயளா மேடம்? இதுதான் ரிட்டனு. இந்த ரூம்ல இருக்குத காத்து பூராவும் இது வழியா உள்ள போயி, குளுந்து, உங்க லேப்புக்குள்ள வந்து விழுது."

நான் குனிந்து பேப்பரைப் பார்த்தேன்.

"இங்கன என்ன காயப்போட்டாலும் சீக்கிரம் காஞ்சிருமே?"

"காயும்," என்றேன்.

அந்த வலைக்கு மேலே, நெஞ்சு உயரத்தில் ஒரு கொக்கி. ஆறு வருடம் அந்தக் கொக்கியில் தொங்கியது என் துண்டு. சுலைமான் நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. "ஸ்குரூ டிரைவர் இருக்கா?" என்று கேட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தென்காசியில் நான் வேலை பார்க்கும் குழந்தைப்பேறு மருத்துவமனையின் ஆய்வகம் காலியாக இருந்தது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னால் வேலையை விட்டவர்.

ஆலங்குளத்து அண்ணாச்சியின் கேள்வி

இதை எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. சென்ற வாரம் இந்தப் பத்தியில் எருமைக் கருவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஆலங்குளத்திலிருந்து ஒரு அண்ணாச்சி போன் செய்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"வாரா வாரம் வாசிக்கேன் மேடம். எல்லாம் நீங்க ஜெயிச்ச கதையாவே இருக்கே. தோத்தது ஒண்ணும் கெடயாதா?"

சாய்ந்த நாற்காலி நேரானது. அண்ணாச்சி, உங்களுக்காகத்தான் இந்த வாரம்.

மாட்டு ஊசிக்காரி

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என்னை இங்கே எல்லோரும் டாக்டர் என்கிறார்கள். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கருவியல் படித்தவள். பெண்ணிடமிருந்து எடுத்த முட்டையையும் ஆணின் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்து, உண்டாகிற கருவை ஐந்து நாள் இன்குபேட்டரில் வளர்த்துக் கொடுப்பது என் வேலை. ஆறாவது நாள் என்னை யாரும் நினைப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சொந்த ஊர் வீரகேரளம்புதூர் பக்கம். வீட்டில் இரண்டு மாடு. பசு பருவத்துக்கு வந்தால் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் பைக்கில் வருவார். பின் சீட்டில் ஒரு அலுமினிய கேன். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை பொங்கி வழிந்து தரையில் ஊரும். "ஏட்டி, தள்ளி நில்லு, கை வெந்துரும்" என்று அப்பா கத்துவார். குளிரில் எப்படிக் கை வேகும் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கேனுக்குள் எங்கோ ஒரு ஊரில் நிற்கிற காளையின் பிள்ளைகள் உறைந்து தூங்குகின்றன என்று அந்த மனிதர் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

அதன் பிறகு நான் படித்த படிப்பெல்லாம் அந்தக் கேனுக்குள் எட்டிப்பார்க்கத்தான். எருமைக் கருவில் முனைவர் பட்டம் வாங்கி வந்தபோது பெரியப்பா கேட்டார்: "எருமைக்குப் புள்ள உண்டாக்கவா இம்புட்டு வருசம் படிச்ச?" உறவில் எனக்கு இன்றுவரை மாட்டு ஊசிக்காரி என்றுதான் பெயர்.

டாக்டர் கோமதி தென்காசியில் மருத்துவமனை தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டார். "மெட்ராஸுக்கும் மதுரைக்கும் நம்ம ஆளுக பை தூக்கிக்கிட்டு அலையுதாங்க வடிவு. இங்கனயே செய்வோம்" என்றார். எனக்கு ஆராய்ச்சி செய்ய இடம் வேண்டும் என்றேன். "லேப்பு உன்னோடது. என்ன வேணா செய்" என்றார்.

அப்படிக் கிடைத்த ஆய்வகம் அது. உடை மாற்றும் அறையில் எந்தக் கொக்கி யாருக்கு என்பதுகூட நான் சொன்னதுதான். துணி சீக்கிரம் காய்கிற கொக்கியை நான் எடுத்துக்கொண்டேன்.

அருவி வழியாக ஆபீஸ்

மைக்ரோஸ்கோப் முன் குனிந்து குனிந்து எனக்குக் கழுத்து வலி. பத்து வருடமாக அது என்னோடு குடித்தனம் நடத்துகிறது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால், குற்றாலத்தில் தண்ணீர் விழும் நாளெல்லாம் எனக்குக் காலை ஒரே மாதிரிதான் விடியும்.

மெயினருவிப் பக்கத்துக் கடையில் வாங்கிய மூலிகைத் தைலத்தை வீட்டிலேயே தலை, கழுத்து, தோள் என்று தாராளமாகத் தேய்ப்பேன். கற்பூரமும் நீலகிரித் தைலமும் கலந்து கண்ணைக் கரிக்கும் எண்ணெய். பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் ஐந்தருவி. பெண்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்குக் கூட்டம் இருக்காது. கழுத்தை மட்டும் அருவிக்குக் காட்டிக்கொண்டு கால் மணி நேரம் நிற்பேன். எந்த மருந்துக் கடையிலும் அந்த மருந்து கிடையாது.

துவட்டிவிட்டு, மாற்றுச் சேலை கட்டி, இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு ஆய்வகம். நம் ஊரில் பாதிப்பேர் சீசனில் இப்படித்தான் ஆபீஸ் போகிறார்கள். வங்கியில் காசாளர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டும். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

ஈரத் துண்டை மட்டும் என்ன செய்வது? கொக்கி இருக்கிறதே.

கல்ஃப் சூடு

சுலைமானும் நூர்ஜஹானும் முதல்முறை வந்தது அப்படி ஒரு சீசனில்தான். சுலைமான் சவுதியில் ஏசி மெக்கானிக். வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. கல்யாணமாகி ஒன்பது வருடம் என்றாலும் சேர்ந்து இருந்தது மொத்தம் ஒன்பது மாதம்தான் என்று நூர்ஜஹான் சிரித்துக்கொண்டே சொன்னாள். பரிசோதனையில் இருவருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மாத லீவுக்குள் நடக்கவேண்டும் என்றால் எங்களைப் போன்றவர்களிடம் வரத்தான் வேண்டும்.

எட்டு முட்டை எடுத்தோம். ஆறு கருவானது. முதல் இரண்டு நாள் அழகாகப் பிரிந்து வளர்ந்தன. மூன்றாம் நாள் எல்லாம் நின்றுவிட்டன. இன்குபேட்டரை மூடிவிட்டுப் போய் அவர்களிடம் சொன்னது நான்தான்.

அவர்கள் மட்டும் இல்லை. சில வருடங்களாகவே ஒன்று என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. கணவர் வளைகுடாவில் இருக்கிற தம்பதிகளின் கரு நிறைய நேரம் மூன்றாம் நாளோடு நின்றது. உள்ளூர்க்காரர்களுக்கு அவ்வளவு இல்லை. கருவின் முதல் சில நாட்கள் அம்மாவின் முட்டை போட்ட சாப்பாட்டில் ஓடும். அதற்குப் பிறகுதான் அப்பா கொடுத்ததும் வேலையைத் தொடங்கும். அப்படியானால் குறை அப்பா பக்கம். அப்பாக்கள் எல்லாம் பாலைவன வெயிலில் நிற்கிறார்கள். விந்தணுவுக்குச் சூடு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. வரைபடம் போட்டேன். மதுரையில் ஒரு கூட்டத்தில் பேசினேன். கை தட்டினார்கள். கட்டுரையாக எழுத ஆரம்பித்தேன். பெரிய ஊர்க்காரர்கள் யாரும் பார்க்காததைத் தென்காசியில் உட்கார்ந்து நான் பார்த்துவிட்டேன் என்று ஒரு மிதப்பு.

அந்த மிதப்போடுதான் சுலைமானிடம் சொன்னேன். "உங்க வேலைதான் காரணம். அந்தச் சூட்டுல இருக்கிற வரைக்கும் கஷ்டம்."

"நான் ஏசிக்குள்ளதான வேல பாக்கேன் மேடம்," என்றார் அவர்.

"ஏசியோட வெளிப்பெட்டி எங்க இருக்கும்? மொட்டை மாடியிலதான? அங்க வெயில் இல்லையா?"

வெளிப்பெட்டி வேலைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள், தனக்கு உள்ளே காற்றுக் குழாய் வேலை என்று அவர் பின்னாளில்தான் சொன்னார். அன்று நான் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். எனக்குக் கேட்க நேரமில்லை, வரைபடம் இருந்தது.

மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். தென்காசியில் ஏசி ரிப்பேர் கடை போட்டார். நான்கு மாதம் மேலேயிருந்து தண்ணீர் தெளிக்கிற ஊரில் யார் ஏசி ரிப்பேர் செய்வார்கள்? பைக்கில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று வெயில் இருக்கிற பக்கமாகத் தேடித் தேடிப் போனார்.

உடம்பிலிருந்து சூடு இறங்கட்டும் என்று நான் சொன்ன காலம் முழுவதும் காத்திருந்தார்கள். அடுத்த வருடம் ஆனியில், சாரலோடு, இரண்டாம் முறை. மூன்றாம் நாள் மறுபடி எல்லாம் நின்றது.

இங்கேதான் நான் செய்தது எனக்கே இன்றும் பொறுக்கவில்லை. வெயிலை விட்டு வந்தவருக்கும் அதேதான் நடந்தது என்றால் என் கணக்கு தப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தனை வருஷத்துச் சூடு. அவ்வளவு சீக்கிரம் போகாது."

சுலைமான் தலையைக் குனிந்துகொண்டார். நூர்ஜஹானின் அண்ணன் அன்று கூட வந்திருந்தார். அவர் குனியவில்லை. வெளியே வராந்தாவில் அவர் பேசியது எனக்குக் கேட்டது. "கொறை அவரு மேலதான்னு டாக்டரே சொல்லியாச்சு. நீ இனி அங்கன இருந்து என்னத்துக்குட்டி? வீட்டுக்கு வா. மிச்சத்த ஜமாத்துல பேசிக்கிடுவோம்."

நூர்ஜஹான் போகவில்லை. ஆனால் அந்தப் பேச்சும் ஓயவில்லை.

ஒரு வரிக் கேள்வி

கட்டுரையை ஒரு இதழுக்கு அனுப்பியிருந்தேன். மதிப்பிட்டவர் யாரென்று தெரியாது. மற்றதையெல்லாம் பாராட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார். 'இந்தக் கணவர்கள் எந்த மாதத்தில் வந்தார்கள்?'

எரிச்சலாக வந்தது. இது என்ன கேள்வி? எல்லோரும் சீசனுக்குத்தான் வருவார்கள். அங்கே கொதிக்கிற நேரத்தில் இங்கே சாரல் அடிக்கிறது. லீவை வேறு எப்போது கேட்பான் ஒரு தென்காசிக்காரன்? ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் சொன்ன பதில் என் காதிலேயே விழுந்தது அப்போதுதான். பேனாவை வைத்துவிட்டேன்.

அலமாரியிலிருந்து எல்லாக் கோப்புகளையும் இறக்கினேன். வீட்டில் சாவு, தங்கை கல்யாணம் என்று சீசன் இல்லாத நேரத்தில் வந்த வளைகுடாக் கணவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களுடைய கருக்கள் ஐந்தாம் நாள் வரை ஜம்மென்று வளர்ந்திருந்தன. பிறகு சீசனில் வந்த உள்ளூர்க்காரர்களைத் தனியாக எடுத்தேன். ஆடி வரும் என்று பயந்து நம்மவர்கள் அந்த நேரத்தில் அதிகம் வருவதில்லை. வந்த சிலரில் பலருக்கு மூன்றாம் நாளோடு நின்றிருந்தது.

வளைகுடாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குறை சீசனில் இருந்தது. சீசனில் என் ஆய்வகத்துக்குள் ஏதோ நுழைகிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்று மாலையே எழுதி அனுப்பினேன். டாக்டர் கோமதியிடம் போய், காரணம் தெரியும்வரை சீசனில் யாருக்கும் முட்டை எடுக்கக்கூடாது என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, கண்டுபிடி" என்றார்.

ஏழு டப்பாக்கள்

எதைச் சந்தேகப்படவில்லை நான்? கரண்ட் போனால் ஓடுகிற ஜெனரேட்டரின் புகை. கேரள எல்லையில் இருக்கிற புளியறைக்குப் போகிற லாரிகளின் புகை. தரை துடைக்கிற மருந்து. ஸ்டெல்லா சிஸ்டர், எங்கள் தியேட்டர் நர்ஸ், தலையில் வைக்கிற பிச்சிப்பூ. நோயாளிகள் பூசி வருகிற அத்தர். எல்லோர் மேலும் பாய்ந்தேன். சிஸ்டர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பெரிய ஆய்வகங்களைப் போலச் சோதித்துப் பார்க்க நம்மிடம் எலிக்கரு கிடையாது. ஆனால் விந்தணு உண்டு. நல்ல விந்தணுவைக் கழுவி, தட்டில் சொட்டாக வைத்து, மேலே சுத்தமான எண்ணெய்ப் படலம் போட்டு மூடினால் நான்கு நாள்கூட நீந்தும். காற்றில் நஞ்சு இருந்தால் அந்தப் படலம் அதை உறிஞ்சிக்கொள்ளும். விந்தணு நீந்துவது சீக்கிரம் நின்றுவிடும். பரிசோதனைக்குக் கொடுத்ததில் மிஞ்சியதை, சம்மதம் கேட்டு எடுத்துக்கொண்டேன். தட்டுகளை ஆய்வகம் முழுக்க வைத்தேன். இன்குபேட்டர் பக்கம், வராந்தா, ஜெனரேட்டர் அறை, உடை மாற்றும் அறை.

ஜெனரேட்டர் அறையில் மூன்றாம் நாளும் நீந்தின. உடை மாற்றும் அறையில் மறுநாளே செத்துக் கிடந்தன.

அங்கே என்ன இருக்கிறது? மூக்கைச் சுவரில் வைத்து மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

"உங்களுக்கு எப்படி மணக்கும்?" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். ஒரு வாரம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை. "சீசன் வந்தா இந்த ரூமே உங்க தைல வாசனதான். தலவலி வந்தா நான் இங்கன வந்து செத்த நேரம் நிப்பேன், விட்டுரும்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் கடைத்தெருவில் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஏழு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. ஒன்றில் சிஸ்டரின் பிச்சிப்பூ, ஒன்றில் அத்தர் தொட்ட பஞ்சு, ஒன்றில் தரை மருந்து, ஒன்றில் சோப்புப் போட்டுத் துவைத்த துண்டு, ஒன்றில் வெறும் அருவித் தண்ணீரில் நனைத்த துண்டு, ஒன்றில் ஒன்றுமே இல்லை. ஏழாவதில் அன்று காலை ஐந்தருவியிலிருந்து கொண்டுவந்த என் துண்டு.

மறுநாள் காலை ஏழாவதை முதலில் திறக்கவில்லை. மற்ற ஆறையும் பார்த்தேன். அத்தரில் கொஞ்சம் மந்தம். பூவும் தரை மருந்தும் பரவாயில்லை. அருவித் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தன.

ஏழாவது தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஃபோகஸ் செய்தேன். எதுவும் அசையவில்லை. தட்டைத் திருப்பி வேறு இடம் பார்த்தேன். அங்கேயும் இல்லை. சிஸ்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இன்னொரு தடவ செஞ்சு பாப்போமா மேடம்?" என்றார் மெதுவாக. அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

நான்கு தடவை செய்தேன். நான்கு தடவையும் அதேதான்.

ஒரு மனுசியின் கழுத்து வலிக்கு இதமாக இருந்தது எத்தனை வீட்டின் தொட்டிலைக் காலியாக வைத்தது? கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, அந்தச் சீசன்களில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்தேன்.

எழுதித் தாங்க

"வாயால சொல்லு. நான் வேண்டாங்கல," என்றார் டாக்டர் கோமதி. "ஆனா எல்லாருக்கும் சொல்லணுமா வடிவு? ஆறு வருசத்துக்குமா?"

"எல்லாருக்கும்."

ஒரு நாளைக்கு ஒருவர் என்று போன் செய்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிலர் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்கள். வேறு ஊரில் குழந்தை பெற்றுவிட்ட ஒருத்தி, "போகட்டும் மேடம், விடுங்க" என்றாள். ஒருவர் ஏசினார், நான் முழுதாகக் கேட்டேன். சுலைமான் வீட்டுக்கு மட்டும் நேரில் போனேன்.

நூர்ஜஹான் நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, கொக்கி, வரைபடம், ஒரு வரிக் கேள்வி, எல்லாம்.

சுலைமான் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"அப்பொ என்னால இல்ல?"

"உங்களாலதான்னு நான் சொன்னது தப்பு. அதுக்கு எங்கிட்ட எந்த ஆதாரமும் இல்லை."

அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நூர்ஜஹான் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருசமா இவுக ஒரு கல்யாண வீட்டுக்கு வாரதில்ல மேடம். எங்கண்ணன் முன்னால உக்காந்து சாப்பிடுததில்ல. இப்பொ டீ குடிக்க வந்தவுக மாதிரி வந்து சொல்லிட்டுப் போறீய. எழுதித் தாங்க. கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுத் தாங்க. ஊருக்குக் காட்டணும்."

"தாரேன்," என்றேன்.

டாக்டர் கோமதி தலையில் கை வைத்துக்கொண்டார். எழுத்தில் கொடுத்தால் கேஸ் வரும், ஆஸ்பத்திரி பெயர் போகும் என்றார். அவர் சொன்னது எல்லாம் நியாயம்தான். "நான் வாயால சொன்னதாலதான் அந்த மனுஷன் வேலையை விட்டாரு டாக்டர். வாயால சொல்றதை இனி நான் நம்பல" என்றேன். எழுதவிடவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு என் பெயரில் எழுதிக் கொடுப்பேன் என்றும் சொன்னேன். மிரட்டல் இல்லை. அப்படித்தான் செய்திருப்பேன்.

அவர் மேசை டிராயரைத் திறந்து சீலை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் சாப்பிடப் போறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்போது மணி பதினொன்றரைகூட ஆகவில்லை.

ஐந்தே வரி எழுதினேன். இரண்டு முறையும் கரு வளராததற்கு எங்கள் ஆய்வகத்தின் காற்று காரணமாக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தக் காற்றைக் கெடுத்தவள் நான். சுலைமான் மேல் குறை என்று நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன். கேட்கிற யாருக்கும் நேரில் விளக்கத் தயார்.

நூர்ஜஹானின் அண்ணன் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு மறுநாளே வந்தார். ஒரு மணி நேரம் விளக்கினேன். ஏழாவது டப்பாவைக்கூடக் காட்டினேன். "மச்சான்ட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுப் பேசுவேன்?" என்றார் போகும்போது. எனக்கும் அதே கேள்விதான் என்றேன்.

திருகாணி

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சுலைமான் கருவிப் பையோடு வந்து நின்றார். "நீங்க சொன்னதுலேர்ந்து ஒண்ணு உறுத்துது மேடம். துண்டு ஒரு ரூம்ல, லேப்பு இன்னொரு ரூம்ல. எப்படி உள்ள போச்சு? நான் பாக்கணும்."

அந்தக் காலையைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

ஸ்குரூ டிரைவர் கொடுத்தேன். வலையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். செலவைக் குறைக்க எவனோ காற்றை இழுக்கிற வாயை உடை மாற்றும் அறையில் வைத்திருக்கிறான். உள்ளே இருந்த கரி வடிகட்டி சீசன் ஈரத்தில் ஊறிப்போய்க் கிடந்தது. ஈரம் ஏறிவிட்டால் அது எந்த வாசனையையும் பிடிக்காது. "துண்ட மட்டும் எடுத்தாப் பத்தாது. நாள இன்னொருத்தி பூ வைப்பா. இந்த வாய அடைச்சுட்டு, வெளிக்காத்த ஈரம் எடுத்து, நல்ல பில்டர் வழியா உள்ள தள்ளணும். லேப்புலேர்ந்து காத்து வெளிய போகணுமே தவிர வெளியேர்ந்து உள்ள வரக்கூடாது."

பதினாறு நாள் வேலை பார்த்தார். கடைசி நாள் அதே டிஷ்யூ பேப்பரை ஆய்வகக் கதவிடுக்கில் பிடித்தார். இந்த முறை பேப்பர் வெளிப்பக்கமாகப் படபடத்தது.

ஆய்வகம் முழுக்கத் தட்டு வைத்துச் சோதனையை மறுபடி செய்தேன். எல்லா மூலையிலும் நீந்தின. அதற்குப் பிறகுதான் மூன்றாம் முறைக்குச் சம்மதமா என்று அவர்களைக் கேட்டேன். வேறு ஊருக்குப் போனாலும் அங்குள்ள டாக்டருக்கு நான் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"நான் மாட்டுன ஏசிய நானே நம்பாம இருந்தா எப்படி?" என்றார் சுலைமான்.

இரண்டு

இந்த வருடம் ஆனியில் செய்தோம். வெளியே நல்ல சாரல். வேண்டுமென்றே சீசனைத் தேர்ந்தெடுக்கவில்லை, தேதி அப்படி அமைந்தது. மூன்றாம் நாள் காலை இன்குபேட்டரைத் திறந்தேன். உண்டான ஐந்து கருவும் வளர்ந்திருந்தன. ஐந்தாம் நாள் மூன்று தேறின. முழுதாக, உருண்டையாக. சுலைமானைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். அவர் திரையில் கை வைத்துவிட்டு, அழுக்காகிவிடுமோ என்று சட்டையால் துடைத்தார்.

ஒன்றைக் கருப்பையில் வைத்தோம். இரண்டை உறைய வைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. முடிவைச் சொல்ல போனை நானே எடுத்தேன். கரு ஒட்டவில்லை.

நூர்ஜஹான் கேட்டாள்.

"லேப்புக் காத்து இந்தத் தடவ நல்லா இருந்துச்சா மேடம்?"

"நல்லா இருந்துச்சு."

"இவுக மேல ஒண்ணும் இல்லியே?"

"இல்லை."

"எம்மேல?"

"இல்லை. சில கரு ஒட்டாது நூர்ஜஹான். ஏன்னு எனக்குத் தெரியலை."

இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியிடம் நான் தெரியலை என்று சொன்னது அன்றுதான். அவள் அழுதாள். நான் போனை வைக்கவில்லை. அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"சரி. ரெண்டு இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்பொ அடுத்த மாசம் வாரோம். தேதி சொல்லுங்க."

நான் அருவியை விடவில்லை அண்ணாச்சி, எண்ணெயைத்தான் விட்டேன். கழுத்து வலி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். துண்டு என் வீட்டுக் கொடியில் காய்கிறது. சீசனில் அது காய இரண்டு நாள் ஆகும்.

அன்று நூர்ஜஹானோடு பேசிய போனை வைத்துவிட்டு நேராக, அந்த இரண்டு கருவும் இருக்கிற உறைகலன் அறைக்குப் போனேன். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை பொங்கித் தரையில் ஊர்ந்தது. அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தேன். திரவ நைட்ரஜன் போதுமான அளவு இருந்தது. ஆனாலும் இன்னொரு கேன் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.